ஹைபிரிட் வேகக் கார்களும் பெட்ரோல் புகையும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் வட்டாரங்களில் கார் வாங்குகிறவர்களும், வாங்காமலே கார்களைப் பற்றிப் பேசித் தீர்க்கிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டாவது கூட்டம்தான் பெரியது. கூர்மையான கேள்விகளும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வருகின்றன.

ஹைபிரிட் என்றால் பாதி பெட்ரோலில், பாதி மின்சாரத்தில் ஓடும் கார்தானே?

இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஹைபிரிட் கார்களில் ஏறத்தாழ எல்லாமே நூறு விழுக்காடு பெட்ரோலில்தான் ஓடுகின்றன. டொயோட்டா ஹைக்ராஸ், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகளில் பிளக் மாட்டும் துளையே கிடையாது. பேட்டரியில் ஏறும் மின்சாரம், இன்ஜின் சுற்றும்போது தயாராவது. அல்லது பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகவிருந்த வேகத்திலிருந்து மீட்கப்படுவது. இரண்டுக்கும் மூலம் பெட்ரோல் பங்க்தான்.

மூன்று வகை உண்டு. 12 அல்லது 48 வோல்ட் அளவில் ஒரு சிறிய மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுப்பது 'மைல்டு'. மோட்டாரே தனியாகக் காரைச் சிறிது தூரம் நகர்த்துவது 'ஸ்ட்ராங்'. பெரிய பேட்டரி வைத்து வீட்டில் சார்ஜ் போடுவது 'பிளக்-இன்'. மைல்டு வகையில் மிச்சமாவது சொற்பம். விற்பனையாளர் 'ஹைபிரிட்' என்று சொன்னதும் எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியில் பேச்சின் சுருதி இறங்கிவிடும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் எடை. அதிலிருந்து இரண்டேகால் கிலோ கரியமில வாயு வருகிறது என்கிறார்கள். கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை. முக்கால் கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 640 கிராம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால் அந்த இரண்டு ஆக்சிஜனின் எடை 32. ஆக, எடையில் பெரும்பகுதி நாம் பங்கில் வாங்கியதல்ல. வழியில் காற்றிலிருந்து சேர்ந்தது. மொத்தம் சுமார் 2.3 கிலோ. டீசல் அடர்த்தி கூடியது என்பதால் லிட்டருக்கு 2.6 கிலோவைத் தாண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. லிட்டர் மாறாத வரை கரியமில வாயுவும் மாறாது. எந்த வடிகட்டி வைத்தாலும், எந்த சைலன்சர் மாட்டினாலும், எந்த விலைக் கார் என்றாலும் எரிந்த பெட்ரோலுக்கு ஏற்ற கரியமில வாயு வெளியே வந்தே தீரும். எனவே ஒரு காரின் சுற்றுச்சூழல் பெருமையை யாராவது உங்களிடம் அளந்தால், "வருஷத்துக்கு எத்தனை லிட்டர்?" என்று மட்டும் கேளுங்கள்.

பி.எஸ்.6 வண்டி என்றால் புகையே வராது என்கிறார்களே?

கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்தது உண்மை. அது சின்ன வெற்றியும் அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற வாகன மாசு விதி (பாரத் ஸ்டேஜ் 6) வந்தது. பி.எஸ்.5 என்ற படியை ஏறாமலே தாண்டிக் குதித்தோம். எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்லாமல், சாலையில் ஓடும்போதும் அளக்க வேண்டும் என்று ஆயிற்று.

இந்த விதிகள் பிடிப்பது கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், எரியாமல் தப்பும் ஹைட்ரோகார்பன், நுண்துகள் ஆகியவற்றை. இவை நுரையீரலைத் தாக்குபவை. கரியமில வாயு இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று. பெட்ரோல் காரின் சைலன்சர் குழாயில், நச்சு வாயுக்களை மாற்றுவதற்காக இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். அதற்குச் சில நூறு டிகிரி வெப்பம் வேண்டும். பெருமாள்புரத்திலிருந்து மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காரை எடுத்துக்கொண்டு கீரை வாங்கப் போனால், அது சூடாகி முடிவதற்குள் நீங்கள் காரை நிறுத்திவிடுவீர்கள். அதாவது தூரம் குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அழுக்குக் கிலோமீட்டர். கீரைக்கட்டுக்குச் சைக்கிள் போதும்.

இன்ஜின் பெட்ரோலின் சக்தியில் எவ்வளவைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது?

சாதாரண பெட்ரோல் இன்ஜின் நன்றாக உழைக்கும் நேரத்தில் முப்பது விழுக்காடு, கொஞ்சம் கூட. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. டொயோட்டாவின் ஹைபிரிட் இன்ஜின்கள் 40 விழுக்காட்டைத் தொட்டுவிட்டன. 2017-இல் மெர்சிடீஸின் ஃபார்முலா 1 இன்ஜின் சோதனை மேடையில் 50 விழுக்காட்டைத் தாண்டியது. நூறு ஆண்டுக்கு மேல் மூளையைக் கசக்கியும் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது என்று சலித்துக்கொள்ளலாம். பாதி வந்ததே பெரிது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி.

ஆனால் இந்த எண்களெல்லாம் இன்ஜின் உழைக்கும் நேரத்துக்கானவை. வண்ணாரப்பேட்டையில் சிக்னலுக்கு நிற்கும்போது இன்ஜினின் பயன் பூஜ்யம். ஏ.சி. போட்டுக்கொண்டு சும்மா நிற்கும் கார் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஸ்ட்ராங் ஹைபிரிட் அந்த இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஏ.சி.யை ஓட்டுகிறது, மெல்ல ஊர்வதற்கு மோட்டாரைப் பயன்படுத்துகிறது. அதன் மைலேஜ் ரகசியத்தில் பெரும்பங்கு இந்த நிற்பதிலும் ஊர்வதிலும்தான் இருக்கிறது. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் கீழே மாலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தால் ஹைபிரிட்டின் அருமை புரியும். நாலுவழிச் சாலையில் மதுரையை நோக்கி விரட்டினால் அந்த அருமை பாதியாகும்.

மைலேஜ் மிச்சப்படுத்த வந்த தொழில்நுட்பம், அசுர வேகக் கார்களுக்குள் எப்படிப் போனது?

இதுதான் சுவையான கதை. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தபோது நோக்கம் ஒன்றே: குறைந்த பெட்ரோல். பந்தய உலகம் அதைக் கண்டு கொட்டாவிதான் விட்டது. பிறகு 2012-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஆடியின் ஆர்18 இ-ட்ரான் வென்றது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஹைபிரிட் அது. அதிலிருந்து 2025 வரை அங்கே ஹைபிரிட் அல்லாத கார் எதுவும் வெல்லவில்லை. 2013-இல் போர்ஷே 918 ஸ்பைடர், மெக்லாரன் பி1, ஃபெராரி லாஃபெராரி என்ற மூன்று கார்கள் ஒரே காலத்தில் வந்து, ஹைபிரிட் என்றால் மந்தம் என்ற பேச்சை முடித்து வைத்தன.

மோட்டார் செய்யும் உதவி என்ன? டர்போ இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சக்தி வராது. வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றி, அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளிய பிறகே வரும். கண்ணிமைக்கும் நேரம்தான்; ஆனால் பந்தயத்தில் அது நீண்ட நேரம். மின் மோட்டாருக்கு அந்தத் தாமதம் இல்லை. சுற்று பூஜ்யத்தில் இருக்கும்போதே முழு முறுக்குவிசையும் தயார். நெல்லையப்பர் தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது பின்சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புகிறார்களே, அந்த வேலையை மோட்டார் செய்கிறது. தேர் உருளத் தொடங்கியபின் வடம் பிடித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

2024-இல் வந்த போர்ஷே 911 ஜி.டி.எஸ். இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. டர்போவுக்குள்ளேயே ஒரு மின் மோட்டாரை வைத்து, புகைக்குக் காத்திராமல் அதைச் சுழற்றுகிறார்கள். கியர்பெட்டிக்குள் இன்னொரு மோட்டார். பேட்டரி வெறும் 1.9 யூனிட். மின்சாரத்தில் மட்டும் அந்தக் கார் ஓடாது. ஓட வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் பழைய ஜி.டி.எஸ்.ஸைவிட 8.7 வினாடி முன்னதாக வந்தது. மெர்சிடீஸ் இன்னும் துணிச்சலாக, சி63 காரின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைக் கழற்றிவிட்டு இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு மோட்டாரைச் சேர்த்து 680 குதிரைத்திறன் கொடுத்தது. எண்ணைப் பார்த்தால் அபாரம். வி8 ஓசைக்காகவே அந்தக் காரைக் காதலித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆக, ஒரே மோட்டார். பிரியஸில் அது பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. 911-இல் அது வினாடியை மிச்சப்படுத்துகிறது. இரண்டையும் 'ஹைபிரிட்' என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

887 குதிரைத்திறன் உள்ள போர்ஷே 918, லிட்டருக்கு 33 கி.மீ. கொடுக்கும் என்று காகிதத்தில் இருக்கிறது. நம்பலாமா?

காகிதம் பொய் சொல்லவில்லை. ஐரோப்பியப் பழைய சோதனை முறையில் அந்தக் காருக்கு 100 கி.மீ.க்கு சுமார் 3 லிட்டர் என்றே சான்று வழங்கினார்கள். சோதனை, பேட்டரி முழுதாக நிறைந்த நிலையில் தொடங்கும், தூரம் குறைவு, வேகம் மிதம். முதல் பகுதி மின்சாரத்திலேயே கழிந்துவிடும். இப்போதைய பி.எம்.டபிள்யூ எம்5-உம் அப்படித்தான்: 727 குதிரைத்திறன், 4.4 லிட்டர் வி8, 2024-இல் வந்தபோது சான்றிதழில் 100 கி.மீ.க்கு இரண்டு லிட்டருக்கும் குறைவு. நம் கணக்கில் லிட்டருக்கு ஐம்பதுக்கு மேல். சந்தையில் அதை மிஞ்ச மோட்டார் சைக்கிள்தான் வரவேண்டும்!

நடைமுறை வேறு. ஐரோப்பிய ஆணையம், சாலையில் ஓடும் கார்களுக்குள் இருக்கும் எரிபொருள் அளவைக் கருவிகளிலிருந்தே தகவலைத் திரட்டி 2024-இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் வெளியிட்ட கரியமில வாயு, சான்றிதழில் இருந்ததைப்போல் சராசரியாக 3.5 மடங்கு. காரணம் எளிது: உரிமையாளர்கள் நினைத்த அளவுக்குச் சார்ஜ் போடவில்லை.

சார்ஜ் போடாத பிளக்-இன் ஹைபிரிட் எதற்கும் ஆகாத சுமை. புதிய எம்5 சுமார் 2.4 டன், முந்தைய எம்5-ஐவிட ஏறத்தாழ அரை டன் கூடுதல். அந்த எடையை ஒவ்வொரு சிக்னலிலும் கிளப்பி, ஒவ்வொரு வேகத்தடையிலும் அடக்கவேண்டும். டயர் தேய்மானத்தின் துகளும் பிரேக் தூளும் வேறு. அவை சைலன்சர் வழியாக வராததால் பலகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐரோப்பாவின் புதிய யூரோ 7 விதிதான் பிரேக் துகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது.

நடிகர் அஜித் ஓட்டும் பந்தயக் காரும் ஹைபிரிட்தானா?

இல்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது ஓட்டியது போர்ஷே 911 ஜி.டி.3 கப். நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, மோட்டார் கிடையாது. சுத்தமான பழைய சங்கீதம்.

ஃபார்முலா 1 கார்கள் ஹைபிரிட் ஆனதால் பந்தயத்தின் மாசு குறைந்ததா?

காரின் மாசு குறைந்தது. 2014-இல் 1.6 லிட்டர் வி6 டர்போவும் மின் மோட்டார்களும் வந்தபோது ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான் என்று வரம்பு போட்டார்கள். அதற்கு முந்தைய வி8 கார்கள் அதே தூரத்துக்கு 150 கிலோ சுற்றளவில் எரித்தன. மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் ஃபார்முலா 1 நிர்வாகமே 2019-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஆண்டு மொத்த உமிழ்வு 2,56,551 டன். அதில் பந்தயக் கார்களின் இன்ஜின் பங்கு 0.7 விழுக்காடு. கார்களையும் தளவாடங்களையும் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோகும் சரக்குப் போக்குவரத்து மட்டும் 45 விழுக்காடு. கோயில் திருவிழாவில் வாணவேடிக்கையை நிறுத்திவிட்டு, வந்துபோகும் வண்டிகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட கதைதான். 2026 முதல் புதைபடிவ எண்ணெய் அல்லாத எரிபொருள் என்ற விதியும் உண்டு; மின்சாரத்தின் பங்கும் ஏறத்தாழ பாதி.

நெல்லையிலிருந்து சென்னைக்குப் போனால் எந்த வண்டி எவ்வளவு கரியமில வாயு விடும்?

சாலையில் சுமார் 625 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கொடுக்கும் சாதாரண பெட்ரோல் கார் 96 கிலோ விடும். நெடுஞ்சாலையில் 20 கொடுக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட் 72 கிலோ. பேட்டரி காலியான பிறகு 8 கொடுக்கும் ஒரு வேக ஹைபிரிட் 180 கிலோ. லிட்டருக்கு ஐந்து கி.மீ. ஓடும் டீசல் பஸ் 330 கிலோ. அதில் நாற்பது பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு எட்டு கிலோ. ஹைபிரிட் காரில் ஒருவர் தனியாகப் போனால் ஒன்பது பஸ் பயணிகளின் பங்கை அவரே விடுகிறார். நான்கு பேர் ஏறிக்கொண்டால் ஆளுக்கு 18.

முழுவதும் மின்மயமான தடத்தில் ஓடும் நெல்லை எக்ஸ்பிரஸ் இந்தப் பட்டியலில் கடைசிக்கு அருகில்தான் வரும். டிக்கெட் கிடைப்பது தனிப் பாடு.

வேகமும் சேரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-இல் போகிறவர் 120-க்கு மாறினால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. கயத்தாறு தாண்டியதும் காலை அழுத்துகிறவர், ஹைபிரிட் வாங்கி மிச்சப்படுத்தியதை விருதுநகர் வருவதற்குள் செலவழித்திருப்பார்.

மாஞ்சோலையிலிருந்து இறங்கும்போது பேட்டரி நிறைந்துவிட்டது. பிறகு இன்ஜின் தானாக உறுமியது. கோளாறா அண்ணாச்சி?

கோளாறு இல்லை, கவலை வேண்டாம். வனத்துறை அனுமதியோடு மாஞ்சோலை போய்வரும் ஹைபிரிட்காரர்கள் பலர் இதைக் கண்டு மிரண்டிருக்கிறார்கள்.

ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் சுமார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குகிறது. அந்த உயரத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் நாலரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டயர் உருள்வதிலும் காற்றிலும் ஒரு பங்கு போனாலும் இரண்டு மூன்று யூனிட் மிஞ்சும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி முக்கால் யூனிட்தான். அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடமாட்டார்கள். ஆக, பாதி மலை இறங்குவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். மீட்ட மின்சாரத்தை வைக்க இடமில்லை. அப்போது கார், பெட்ரோல் ஊற்றாமலே இன்ஜினைச் சுழற்றி அதன் இழுவையில் வேகத்தை அடக்குகிறது. நீங்கள் கேட்ட உறுமல் அதுதான்.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று: இறக்கம் தொடங்கும்போதே கியர் நெம்புகோலை 'B' (பிரேக்) நிலைக்கு மாற்றிவிடுங்கள்; நிறுத்திவைக்கும் 'P' அல்ல. பிரேக் கட்டைகள் காய்ந்து நாறாமல் கீழே வந்து சேரும்.

களக்காடு, முண்டந்துறைப் பக்கம் வேகக் காரோ, சைலன்சர் மாற்றிய காரோ கொண்டு போனால் என்ன?

அது புலிகள் காப்பகம், 1988-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. சிங்கவால் குரங்கும் யானையும் காதை நம்பி வாழும் இடம். அங்கே வி8-ஐ முறுக்குவது தொழில்நுட்ப விவாதம் அல்ல, நாகரிக விவாதம். பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் நிற்கும்போதே மின்சார நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் காரின் சுற்றுச்சூழல் பெருமையை நான் முழுமனதாக ஒப்புக்கொள்ளும் இடம் அதுதான்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் திரும்பினால் காற்றாலைதான். நம் ஊரில் மின்சாரக் கார் ஓட்டினால் மாசே இல்லைதானே?

அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே மாதம் தொடங்கும் காற்று செப்டம்பர்வரை இறக்கைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. பாபநாசத்தில் நீர்மின்சாரம். ஆனால் தூத்துக்குடியில் நிலக்கரி அனல்மின் நிலையமும் இருக்கிறது. எல்லாம் ஒரே கம்பியில்தான் கலக்கின்றன. கார்த்திகையில் காற்று அடங்கியபின் உங்கள் பிளக்கில் வருவது பெரும்பாலும் நிலக்கரியே.

நாடு முழுவதற்குமான சராசரி, யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு. ஒரு சிறிய மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கி.மீ.க்கு 15 யூனிட் எடுத்தால் கி.மீ.க்கு 105 கிராம். லிட்டருக்கு 22 கொடுக்கும் ஹைபிரிட்டின் சைலன்சரிலும் அதே 105 கிராம்தான். கச்சா எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரித்துக் கொண்டுவருவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 125. இன்றைக்கு வித்தியாசம் இவ்வளவுதான். பெரிய பேட்டரியைச் செய்வதற்கான உமிழ்வையும் சேர்த்தால் இன்னும் நெருங்கும்.

நாளைக்கு? ஹைபிரிட் தன் ஆயுள் முழுக்க 125-இலேயே நிற்கும். மின்சாரக் காரின் எண் மின்கட்டமைப்பில் சூரியனும் காற்றும் சேரச் சேர இறங்கும். மாடியில் சூரியத் தகடு வைத்துப் பகலில் சார்ஜ் போடுகிறவருக்கு இன்றைக்கே இறங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை பக்கத்துத் தூத்துக்குடியில் திறக்கப்பட்டதிலிருந்து இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. எனக்கு வரும் கடிதமெல்லாம் இதுதான் என்று சொல்லும் அளவுக்கு.

நம் வெயிலுக்கு ஹைபிரிட் பேட்டரி தாங்குமா?

தாங்கும், மூச்சு விட்டால். பல ஹைபிரிட் கார்களில் பேட்டரி குளிர்வது காருக்குள் இருக்கும் ஏ.சி. காற்றால்தான். பின் இருக்கையின் ஓரத்தில் சல்லடை போட்ட ஒரு துவாரம் இருக்கும். உள்ளே சிறிய விசிறி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண் ஓடும் சாலைகளில் போய்வரும் கார்களில் அந்தச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள்: செம்மண் பொடியும் முடியும் நூலும் சேர்ந்து மெத்தையாகப் படிந்திருக்கும். அதன்மேல் திருச்செந்தூரிலிருந்து வாங்கிவந்த பனங்கற்கண்டுப் பையை வைத்து அடைத்திருப்பார்கள். பேட்டரி புழுங்கும், விசிறி கத்தும், மைலேஜ் இறங்கும். பிறகு ஹைபிரிட்டே ஏமாற்று என்று பேச்சு கிளம்பும்.

சல்லடையைத் துடைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. மாருதி, டொயோட்டா இரண்டும் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன.

2023 டிசம்பர் வெள்ளம்போல் மீண்டும் வந்து ஹைபிரிட் கார் மூழ்கினால்?

ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாதாரண காருக்கும் இதுவே விதி. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். ஹைபிரிட்டில் கூடுதலாக ஒன்று: ஆரஞ்சு நிறக் கம்பி எதையும் தொடக்கூடாது. உயர் மின்னழுத்தத்துக்கு உலகம் முழுவதும் வைத்த நிறம் அது. பழக்கப்பட்ட மெக்கானிக் என்றாலும் ஹைபிரிட் பயிற்சி இல்லாதவர் என்றால் கை வைக்கவிடாதீர்கள். இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை இருக்கிறதா என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே பார்த்துவையுங்கள்.

அந்த மழைக்குக் கார் புகைதான் காரணமா?

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. குறிப்பிட்ட ஒரு மழையை ஒரு சைலன்சரோடு முடிச்சுப் போடுவது அறிவியல் அல்ல. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். மேகம் கொட்டும்போது கொட்டுவதற்குக் கூடுதலாகக் கையிருப்பு இருக்கும். அந்தச் சூட்டுக்குக் காரணமான பலவற்றில் நம் பெட்ரோலும் ஒன்று.

இ20 பெட்ரோல் போட்டால் ஹைபிரிட் மைலேஜ் இறங்குமா?

கொஞ்சம் இறங்கும். எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்த ஆற்றலில் ஆறேழு விழுக்காடு குறையும். கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் அதற்குப் போகின்றன. தண்ணீர்க் கணக்கை விவசாயிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியில் ஹைபிரிட்டுக்குச் சலுகை உண்டா?

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் ஹைபிரிட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; மற்றவற்றுக்கு 40. மின்சாரக் காருக்கு 5. குடும்பத்துக்கான ஹைபிரிட்டும் கோடிக்கணக்கில் விலையுள்ள வேக ஹைபிரிட்டும் ஒரே 40-இல் நிற்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம்.

பழைய டீசல் காரை விற்றுவிட்டு ஹைபிரிட் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நடுத்தரக் காரைப் புதிதாகச் செய்வதற்கே ஆறேழு டன் கரியமில வாயு ஆகிறது. ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓடும் வீட்டுக் கார் என்றால், லிட்டருக்கு 15 கொடுக்கும் டீசலிலிருந்து 20 கொடுக்கும் ஹைபிரிட்டுக்கு மாறினால் ஆண்டுக்கு மிச்சம் 300 கிலோ. ஆறு டன்னை ஈடுகட்ட இருபது ஆண்டு ஆகும். அதற்குள் அந்த ஹைபிரிட்டே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். போதாததற்கு, நீங்கள் விற்ற டீசல் கார் மறைந்துவிடாது. வேறொருவர் கையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

குற்றால சீசனுக்கும் திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்குமாக ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓட்டும் வாடகைக் கார்காரர் என்றால் இரண்டரை ஆண்டில் கணக்கு நேராகிவிடும். எரிபொருள் செலவும் குறையும். அவர் தாராளமாக மாறலாம். வீட்டுக் கார்காரர், இருக்கும் காரின் காற்று வடிகட்டியை மாற்றி, டயரில் சரியான அழுத்தம் வைத்து, புகைச் சான்றிதழை உண்மையாகவே சோதித்து வாங்கி, இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். தூரப் பயணத்துக்கு ரயில் டிக்கெட்டைத்தான் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும்.